‘சுத்தமா’ என்ற சொல்லும் 290 மதிப்பெண்ணும்

“மயக்கம் சுத்தமா தெளியலை.”

இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் இப்படித்தான் சொல்வோம்: “ஷி ஹேட் நாட் கம்ப்ளீட்லி கம் ரவுண்ட்.” ‘கம் ரவுண்ட்’ என்றால் மயக்கம் தெளிவது. ‘கம்ப்ளீட்லி’ என்றால் முழுசாக, சுத்தமாக. எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் அர்த்தம் வேறு. இந்த ஆங்கில வாக்கியத்தைப் படிப்பவர், நோயாளிக்குப் பாதி மயக்கம் தெளிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று நினைத்துக்கொள்வார். தமிழில் சொன்னதோ, கொஞ்சம்கூடத் தெளியவில்லை என்று.

வீட்டில் பேசும்போது இப்படி நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கடிதத்தில் நடந்தால் சிரிக்க முடியாது.

நாகர்கோவிலைச் சேர்ந்த அந்த 31 வயது செவிலியர் சிக்கிக்கொண்ட இடம் இதுதான். பிரிட்டனில் வேலை பார்க்க அவர் ‘ஓ.இ.டி.’ என்ற மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 350 வேண்டும். எழுதுவதில் 300 போதும். மூன்றில் தேறிவிட்டார். எழுத்தில் வந்தது 290. இந்தத் தேர்வில் மதிப்பெண் பத்துப் பத்தாகத்தான் ஏறும். அதாவது ஒரே ஒரு படி குறைவு. திரும்ப எழுதும் கட்டணம் அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். கணவர் வளைகுடாவில். ஆறு வயது மகள், “லண்டனுக்கு எப்பம்மா போவோம்?” என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். (பிரிட்டன் முழுவதும் அவளுக்கு லண்டன்தான்.)

எழுத்துத் தேர்வு என்பது ஒரே ஒரு கடிதம். நோயாளியைப் பற்றிய குறிப்புகளைத் தருவார்கள். படிக்க ஐந்து நிமிடம், எழுத நாற்பது நிமிடம், 180 முதல் 200 வார்த்தைகள் வரை. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளில் நடந்ததைச் சொல்லும்போதே, அதற்கு முன்பே நடந்து முடிந்ததையும் சொல்ல வேண்டிவரும். அங்கேதான் ‘ஹேட்’ வருகிறது. பள்ளியில் ‘பாஸ்ட் பெர்ஃபெக்ட்’ என்று படித்தோமே, அது. தமிழில் ‘வந்திருந்தார்’, ‘விட்டிருந்தார்’ என்று நாம் யோசிக்காமலே சொல்வது.

ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் பாதி வினைகள் இரட்டைச் சொற்கள் வேறு. ‘கிவ் அப்’ என்றால் ஒரு பழக்கத்தை விட்டுவிடுவது. ‘கட் டவுன்’ என்றால் குறைப்பது. ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. ‘த்ரோ அப்’ என்றால் வாந்தி. ‘வேர் ஆஃப்’ என்றால் மருந்தின் வேகம் இறங்கிப்போவது. இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவிடலாம். செவிலியரும் செய்துவிட்டார். இதனுடன் ‘ஏற்கெனவே’, ‘முழுசாக’, ‘கிட்டத்தட்ட’ போன்ற ஒரு சொல்லைச் சேர்க்கும்போதுதான் கை நின்றுவிடுகிறது. எங்கே செருகுவது?

அவர் எழுதிய பயிற்சிக் கடிதம் ஒன்றில், “ஹி ஹேட் கிவன் கம்ப்ளீட்லி அப் ஸ்மோக்கிங்” என்று இருந்தது. ஆன்லைனில் பாடம் எடுப்பவர் அதைச் சிவப்பில் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார். ஏன் தப்பு என்று எழுதவில்லை. (சிவப்புக் கோடு போடுவது சுலபம்தானே.)

காரணத்தைச் சொன்னவர் அவருடைய அப்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆங்கிலத்தோடு அவருக்குப் பெரிய சிநேகம் கிடையாது.

“என்ன மக்களே, நைட் டூட்டி முடிஞ்சு வந்தும் தூங்கல்லியா?”

“தூக்கம் வரல்லப்பா. இந்த ‘கம்ப்ளீட்லி’ய நடுவுல போட்டா தப்புங்காங்க. ஏன்னு புரியல்ல.”

அப்பா அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: “‘வேகமா கொடுத்துவிட்டான்’னு சொல்லுவோம். ‘கொடுத்து வேகமா விட்டான்’னு யாராவது சொல்லுவாங்களா?”

சொல்ல மாட்டோம். ‘கொடுத்து’, ‘விட்டான்’ என்று இரண்டாகத் தெரிந்தாலும் அது ஒரே வினை. தமிழ் இலக்கணம் அந்த ‘விடு’வைத் துணைவினை என்கிறது. இரண்டுக்கும் நடுவே வேறு சொல் புக இடமில்லை. ‘கிவன் அப்’பும் அதே மாதிரி ஒட்டிப் பிறந்தது. எனவே ‘கம்ப்ளீட்லி’ முன்னாலேயே வந்துவிட வேண்டும்: “ஹேட் கம்ப்ளீட்லி கிவன் அப்.” ‘ஹேட்’டுக்கும் வினைக்கும் இடையில் உள்ள அந்த இடம்தான் இத்தகைய சொற்களுக்குப் பெரும்பாலும் பத்திரமான இடம். “ஹேட் ஆல்ரெடி த்ரோன் அப்”, “ஹேட் ஆல்மோஸ்ட் பாஸ்ட் அவுட்” எல்லாம் இதே கணக்கு. எப்படிச் செய்தார் என்று சொல்லும் சொல்லானால் கடைசியிலும் வரலாம்: கையுறையை அவசரமாக மாட்டிக்கொண்டார் என்பதை “ஹேட் க்விக்லி புட் ஆன் ஹெர் க்ளவ்ஸ்” என்றும் சொல்லலாம், “ஹேட் புட் ஹெர் க்ளவ்ஸ் ஆன் க்விக்லி” என்றும் சொல்லலாம். “புட் க்விக்லி ஆன்” மட்டும் கூடாது.

செவிலியர் விடவில்லை. “அப்போ ‘த டிரெஸ்ஸிங் ஹேட் கம் ரைட் ஆஃப்’னு புஸ்தகத்துல இருக்கே? காயத்துக்குப் போட்ட கட்டு முழுசா கழண்டு வந்துட்டுன்னு அர்த்தம். அங்க ‘ரைட்’ நடுவுலதானே இருக்கு?”

அப்பாவுக்கு அதற்கும் பதில் இருந்தது. “‘வந்தே விட்டது’னு சொல்லுகோம்லா? அந்த ‘ஏ’ மட்டும் நடுவுல எப்படி நுழைஞ்சுது?”

அழுத்தம் கொடுக்கிற சின்ன ஒலிக்குத் தமிழ் வழிவிடுகிறது. ஆங்கிலமும் ‘ரைட்’ போன்ற ஒன்றிரண்டு சொற்களுக்கு வழிவிடுகிறது. எந்த விதியையும் மனப்பாடம் செய்யாமல் அவருக்கு இது மனதில் நின்றுவிட்டது. ஆங்கிலம் படிக்கத் தமிழை மறக்க வேண்டும் என்று சொல்பவர்கள் அந்தக் காலை நேரத்தில் அந்தத் திண்ணையில் இருந்திருக்க வேண்டும்.

எல்லா இரட்டைச் சொல்லும் இப்படி ஒட்டிப் பிறந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். “ஹேட் லுக்ட் கேர்ஃபுல்லி அட் த வூண்ட்” சரியான வாக்கியம்தான். புண்ணைக் கவனமாகப் பார்த்திருந்தார். இங்கே ‘அட்’ என்பது பின்னால் வரும் ‘புண்’ணோடு சேர்ந்தது, நம் ‘ஐ’ உருபு ‘புண்ணை’ என்று பெயரோடு ஒட்டிக்கொள்வதைப் போல. அது வினையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

அப்பாவின் பாடத்தால் தீராதது அந்தச் ‘சுத்தமா’தான். ஏனென்றால் குழப்பமே தமிழிலிருந்து வருகிறது. ‘குடியைச் சுத்தமா விட்டுட்டார்’ என்றால் முழுவதும் விட்டுவிட்டார். ‘சுத்தமா விடலை’ என்றால் துளிகூட விடவில்லை. ‘முழுசா விடலை’ என்றால் மட்டுமே பாதி விட்டார், பாதி இருக்கிறது. ஆங்கில ‘நாட் கம்ப்ளீட்லி’ இந்த ‘முழுசா’வின் சொந்தக்காரர், ‘சுத்தமா’வுக்கு உறவே இல்லை. துளிகூட இல்லை என்று சொல்ல ‘அட் ஆல்’ வேண்டும், அது கடைசியில் போய் நிற்கும்: “ஹேட் நாட் கம் ரவுண்ட் அட் ஆல்.”

‘ரியலி’ இன்னும் மோசம். “ஹேட் நாட் ரியலி கிவன் அப்” என்றால், விட்டேன் என்று சொன்னாலும் சரியாக விடவில்லை. “ரியலி ஹேட் நாட் கிவன் அப்” என்றால், சத்தியமாக விடவே இல்லை. சொற்கள் அதேதான். ‘ரியலி’ மட்டும் இரண்டு அடி நகர்ந்திருக்கிறது.

செவிலியரின் இன்னொரு பயிற்சிக் கடிதத்தில் இந்தத் தவறுதான் இருந்தது. குறிப்பில், ஐ.சி.யூ.வுக்கு மாற்றும்போது நோயாளி கூப்பிட்டும் கண் திறக்கவில்லை என்று இருந்தது. அவர் எழுதியதோ ‘நாட் ஃபுல்லி கம் ரவுண்ட்’. பாடம் எடுப்பவர் இதில் கோடே போடவில்லை. ஆங்கிலமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லையே! குறிப்பையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது செவிலியரே கண்டுபிடித்தார். வார்டில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். அரை மயக்கத்தில் இருப்பவரை எப்படிக் கவனிப்பது, முழு மயக்கத்தில் இருப்பவரை எப்படிக் கவனிப்பது என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது எந்தக் கடிதத்தை எழுதி முடித்தாலும், இல்லை என்று வரும் வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்து, ‘முழுசா இல்லையா, சுத்தமா இல்லையா?’ என்று தமிழில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடுகிறார். நாற்பது நிமிடத்தில் கடைசி மூன்று நிமிடம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. தேர்வன்று நைட் டூட்டியை மாற்றித் தர சீனியர் அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா இப்போது வேறொரு கேள்வியோடு அலைகிறார். ‘பஸ் போய்த் தொலைந்தது’ என்பதில் உள்ள அந்தத் ‘தொலைந்தது’க்கு ஆங்கிலத்தில் என்னவாம்? மகள் இன்னும் பதில் சொல்லவில்லை.