வளைவில் ஒரு கேள்வி

முதுகலை படிக்க ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னிடம் இருந்தது ஒரு பழைய சைக்கிள். இருபது ஆண்டுகள் கழித்து, 500 குதிரைத்திறனைத் தாண்டிய எட்டு சிலிண்டர் செடான் ஒன்றை வாங்கினேன். அதுவும் இன்னொருவர் ஓட்டியதுதான். “மூணு பேர் போறதுக்கு இவ்வளவு பெரிய எஞ்சின் எதுக்கு?” என்றாள் மனைவி. பதில் தெரியும், சொல்லத்தான் வெட்கம். ஆட்டோபானில் பின்னால் வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டே பழகிப்போன எனக்கு, ஒருமுறையாவது முந்திப் பார்க்க ஆசை.

நேர்ச்சாலையில் கார் என்னை ஏமாற்றவில்லை. வேகவரம்பு இல்லாத இடத்தில் மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு டன்னை இழுத்துக்கொண்டு போகிறோம் என்ற நினைப்பே வராது.

ஸ்வார்ட்ஸ்வால்ட் மலைச்சாலையில் வந்தது. அக்டோபர் மழை, சாலையெங்கும் ஈர இலைகள். பக்கத்தில் என் பதினாறு வயது மகள். இறக்கத்தில் ஒரு வளைவு. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், காரின் மூக்கு திரும்பவில்லை. நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குப் போய், பிறகுதான் அடங்கியது. எதிரே யாரும் வரவில்லை. அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

கொஞ்ச தூரம் போன பிறகு மகள் கேட்டாள்: “இது ஃபாஸ்டான கார்தானே அப்பா? அப்புறம் ஏன் திரும்பல?”

அன்று பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்தேன். முடுக்குவதற்கு எஞ்சின் இருக்கிறது. ஆனால் முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது மூன்றுமே சாலையைத் தொடும் நான்கு சிறிய ரப்பர் பரப்புகளை நம்பித்தான். ஒரு டயரின் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு அதே அளவுக்குக் கூடுவதில்லை. ஆனால் பிரேக் வெப்பமாக்கித் தீர்க்க வேண்டிய ஆற்றலோ, அதே வேகத்தில், சரியாக இரட்டிப்பாகும்.

பிஎம்டபிள்யூ எம்5 இதற்கு நல்ல உதாரணம். 2017இல் வந்த எம்5க்கு 600 குதிரைத்திறன். மணிக்கு 100 கிலோமீட்டரை எட்ட 3.4 விநாடி. 2024இல் வந்த, மின்மோட்டாரும் சேர்ந்த எம்5க்கு 727 குதிரைத்திறன், ஆனால் 3.5 விநாடி. இடையில் எடை 500 கிலோவுக்கு மேல் கூடி 2,435 கிலோ ஆகிவிட்டது. கூடிய திறனை எல்லாம் கூடிய எடையே தின்றுவிட்டது.

இந்தக் கார்கள் வேகமானவை அல்ல என்று சொல்லமாட்டேன். அகலமான டயர், பெரிய பிரேக், பின்சக்கரமும் திரும்பும் அமைப்பு என்று பொறியாளர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள். உலர்ந்த சாலையில், கைதேர்ந்தவர் ஓட்டினால், பல ஸ்போர்ட்ஸ் கார்களையே இவை முந்தும். ஆனால் 1996இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸின் எடை 725 கிலோ, திறன் 118 குதிரைத்திறன்தான். வளைவில் அதன் பெயரை இன்றும் சொல்கிறார்கள். எஞ்சின் எடையை மறக்கவைக்கும், குறைக்காது. மறந்திருந்தவன் நான்தான்.

மகளுக்கு இப்போது பதினேழு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஓட்டலாம் என்ற உரிமம் வாங்கிவிட்டாள். சென்ற மாதம் அதே சாலையில், அம்மாவின் சின்னக் காரை ஓட்டினாள். அந்த வளைவு நெருங்கியது. என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அவளோ முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்தாள். கார் அடக்கமாகத் திரும்பியது.

“அப்பா, உங்க பக்கம் பிரேக் இல்ல” என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.