வோல் ஸ்ட்ரீட்டின் நடுகற்கள்

நியூயோர்க், லண்டன் நகரங்களில் முதலீட்டு வங்கியாளரின் மேசைகளிலே பளிங்குத் துண்டுகள் சில வரிசையாக நிற்கக் காணலாம். பளிங்கு என்றது தோற்றம் பற்றியே. பொருள் அக்ரிலிக் பிளாஸ்டிக்குத்தான். 'லூசைட்' என்ற பெயருடன் 1930களில் சந்தைக்கு வந்த இப்பொருள், இரண்டாம் உலகப் போரிலே விமானங்களின் மூடியாகப் பறந்தது. ஒரு கம்பனி இன்னொன்றை விழுங்கினாலும், புதிய பங்குகளோ கடன்பத்திரங்களோ விலைப்பட்டாலும், அவ்வெற்றியின் ஞாபகார்த்தமாக இத்துண்டுகள் வார்க்கப்படுகின்றன. உள்ளே ஒரு சிறு கடதாசி: கம்பனியின் பெயர், தொகை, திகதி, வங்கிகளின் பெயர்கள். கைமாறியது மதுபானக் கம்பனியாயின் போத்தல் வடிவம். விமானக் கம்பனியாயின் விமானம். வங்கியிற் புதிதாகச் சேர்ந்த இளைஞனின் தலையிலேதான் இதனைச் செய்விக்கும் பொறுப்புப் பெரும்பாலும் விழும். பேரம் முடிந்த விருந்தில் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொள்வர்.

இவற்றுக்கு அவர்களே இட்ட பெயர் 'கல்லறைக் கல்'. நாம் கேலியாகச் சூட்டியதன்று. அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டுப் பிணையங்கள் சட்டம், பங்கு விற்பனை பற்றிய விளம்பரங்களுக்குக் கடிவாளமிட்டது. புகழுரை கூடாது, விபரம் மட்டும் போதும். ஆகவே, கறுப்புக் கோட்டுச் சட்டத்துக்குள் பெயர்களும் தொகையுமாகப் பத்திரிகைகளில் வெளிவந்த அறிவித்தல், கல்லறை வாசகம் போலவே தோன்றிற்று. அவ்விளம்பரத்தைச் சிறிதாக்கிப் பிளாஸ்டிக்கில் புதைத்ததே இந்த ஞாபகச் சின்னத்தின் ஆரம்பம். அந்த அறிவித்தலில் எந்த வங்கியின் பெயர் மேலே, எது கீழே, எதற்குப் பெரிய எழுத்து என்பதில் வங்கிகளிடையே பெரும் பிணக்குகள் நிகழ்ந்ததுண்டு. முதற் பந்தியில் இலை போடவில்லையென்று கலியாண வீட்டிற் கோபித்துக்கொண்டு எழுந்துபோகும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு இவர்கள் சற்றும் இளைத்தவரல்லர்!

நிற்க. ஞாபகச் சின்னம் என்பதையே நாம் பழிக்கவில்லை. ஓய்வுபெறும் ஆசிரியருக்கு மாணவர் வாசித்தளிக்கும் வாழ்த்துப்பா, கண்ணாடிச் சட்டமிட்டு எத்தனை வீடுகளின் முன்விறாந்தையிலே தொங்குகின்றது! யாப்புச் சில இடங்களிற் சறுக்கியிருக்கும். உவமைகள் மிகையாக இருக்கும். ஆயினும், அம்மனிதர் யாருக்கு என்ன செய்தார் என்பது அதிலே இருக்கும். நம் முன்னோர் நாட்டிய நடுகல்லும் அத்தகையதே. ஆநிரை மீட்டு வீழ்ந்த வீரனின் பெயரும் செயலும் அதிற் பொறிக்கப்பட்டன. கல், வீழ்ந்தவனுக்கு உரியது. வோல் ஸ்ட்ரீட்டின் கல்லிலோ வென்றவர் பெயர்கள் மட்டுமே உள்ளன. வீழ்ந்தவர் எவரேனும் உண்டோ என்பதை அறிய வேறிடம் செல்லவேண்டும்.

1986இல் கோல்பேர்க் கிராவிஸ் றொபேர்ட்ஸ் என்னும் நிறுவனம், சேஃப்வே என்ற அமெரிக்கப் பலசரக்குக் கடைக் கம்பனியை 400 கோடி டொலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கிற்று. விலையின் பெரும்பகுதி கடன். அக்கடனைச் சுமந்தவர்கள் வாங்கியவர்களல்லர். வாங்கப்பட்ட கம்பனியே அதனைத் தன் தலைமேல் ஏற்றது. வட்டி கட்டுவதற்காகக் கடைகள் விற்கப்பட்டன, ஆட்குறைப்பு நிகழ்ந்தது. விற்பனையாலும் ஆட்குறைப்பாலும் 63,000 பேர் சேஃப்வேயை விட்டு நீங்கினர். அவர்களுட் பலர் புதிய முதலாளிகளிடம் வேலை பெற்றனர். ஆனால் குறைந்த கூலிக்கு. டலஸ் பிரிவு முழுவதும் 1987இல் மூடப்பட்டது. அங்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் லொறி ஓட்டிய ஒருவர், தாம் கடைசியாக வேலைசெய்த நாளின் முதலாம் ஆண்டு நிறைவன்று தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஆண்டு நிறைவுகளை வங்கியாளர் மட்டுந்தான் நினைவுகூருகின்றனர் என்றில்லை.

இவ்விபரங்களைத் திரட்டி எழுதியவர் சூசன் பலூடி. அக்கட்டுரைக்கு 1991இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதிலே ஒரு செய்தி நம் நெஞ்சில் தைத்தது. சேஃப்வேயின் பழைய மகுடவாசகம், தன் பெயரோடு இயையப் 'பாதுகாப்பை அளிக்கிறது' என்ற கருத்தில் அமைந்திருந்தது. அது நீக்கப்பட்டது. புதிய கொள்கை வாசகம் ஒன்று பலகையிற் பொறிக்கப்பட்டுத் தலைமையகத்தின் முன்மண்டபத்திலே மாட்டப்பட்டது. முதலீட்டுக்கு இலக்கிட்ட வருவாய் ஈட்டுவது பற்றியது அது.

கட்டுரை வெளிவந்தது 1990 மே மாதத்து வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலில். வங்கிகள் தம் கல்லறை விளம்பரங்களைப் பணங்கொடுத்துப் போட்டுவந்ததும் அதே பத்திரிகையிலேதான்.