ஞானப் பல்

மனிதனுக்குப் பற்கள் 32 என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். வாஸ்தவத்தில், அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எவருடைய வாயிலும் 28-க்கு மேல் இருப்பதில்லை. பாக்கி நான்கும் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் நடுவே சாவகாசமாக வந்து சேருகின்றன. சிலருக்கு வராமலே போய்விடுவதும் உண்டு. அறிவு முதிரும் பருவத்தில் முளைப்பதால் ஞானப் பல் என்று அதற்குப் பெயர். ஜப்பானியர் அதைப் 'பெற்றோர் அறியாதது' என்கிறார்கள். கொரியாக்காரர்களோ 'காதல் பல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தில் காதலும் இந்தப் பல்லும் ஒன்றுதான் என்பதால் கொரியாக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு வாய்த்த ஞானம் கீழ்த் தாடையில், இடப்பக்கக் கோடியில், சற்றே சாய்ந்து நின்றது. சென்ற மாசி மாதம் ஒரு நாள் இரவு, பரீட்சைப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டே வறுத்த கடலையைக் கொறித்துக் கொண்டிருந்தேன். 'கடக்' என்று ஒரு சப்தம். கடலையில் கல் என்று எண்ணித் துப்பிப் பார்த்தால், கல் அல்ல. என் பல்லில் பாதி! மேலே அப்பழுக்கில்லாமல் இருந்துகொண்டு, உள்ளே சொத்தை குடைந்து கூடாகிவிட்டிருந்தது. அந்த நிமிஷம் முதல் என் நாக்குக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. பள்ளத்தைத் தடவுவதும், கூரிய விளிம்பில் கீறிக்கொள்வதும், மறுபடி தடவுவதுமாக இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்புறம் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. திருப்பூரில் குடியிருப்பவர்களுக்கு ஓவர்லாக் மெஷின் ஓசை தாலாட்டு மாதிரி. அது நின்றால்தான் விழிப்பு வரும். ஆனால் அன்றிரவு அந்த மெஷினின் ஒவ்வொரு தையலும் என் தாடையில் விழுந்தது.

பல்வலிக்காரனுக்குக் கிடைப்பது போல் இலவச யோசனை கல்யாண வீட்டுக்காரனுக்கும் கிடைக்காது. என் மனைவி கிராம்பை நசுக்கிக் கொடுத்தாள். இதில் சரக்கு உண்டு. கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் பொருள் நரம்பைக் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும். ஆனால் தைலத்தை அப்படியே ஊற்றிக்கொண்டால் ஈறு வெந்து போகும். சக ஆசிரியர் ஒருவர் ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லின் பக்கத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். அது விழுங்குவதற்கு ஏற்பட்டதேயன்றி அடக்கிக்கொள்வதற்கு அல்ல. கன்னத்தின் உட்புறம் புண்ணாவதுதான் கைகண்ட பலன். இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு, நாலாம் நாள் பல் வைத்தியரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வேர் இரண்டும் கீழ்த் தாடை நரம்பின் பக்கத்தில் இறங்கியிருப்பதைக் காட்டி, இதை எடுத்துவிடுவதே நல்லது என்று சொல்லி, மருந்து கொடுத்து, பத்து நாள் கழித்து ஒரு தேதியும் குறித்துக் கொடுத்தார்.

அந்தப் பத்து நாள் இருக்கிறதே, அதுதான் வியாதி!

என் அம்மாயி தன் புருஷனுக்குப் பல் பிடுங்கிய கதையை வாரம் ஒரு முறை சொல்லுவாள். இரண்டு பேர் தோளை அமுக்கிக்கொள்ள, ஒருவன் காலைப் பிடித்துக்கொள்ள, குறடு போட்டு இழுத்தார்களாம். அப்புச்சி போட்ட கூச்சலில் களத்து மேட்டில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்றாம். நாங்கள் கைகொட்டிச் சிரிப்போம். 40 வருஷம் கழித்து நடு ராத்திரியில் அந்த மாடு என் மனத்திலே ஓடிற்று. ஆயினும் ஆராய்ந்து பார்க்கையில், நான் பயந்தது வலிக்கு அல்ல என்று தோன்றியது. வலி என்னவோ ஏற்கெனவே வந்து, பார்த்து, பழகியாகிவிட்டது. மல்லாந்து கிடந்து, வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, 'போதும்' என்ற ஒரு வார்த்தை கூடச் சொல்ல முடியாமல் இன்னொருவர் கையில் ஒப்புவித்துவிட வேண்டியிருக்கிறதே, அதற்குத்தான். 20 வருஷமாக வாயாலேயே பிழைத்து வருகிறவனுக்கு இது சாமானியமான தண்டனையா?

போதாக் குறைக்கு ஆறாம் நாள் வலி நின்றுவிட்டது. "அதுதான் நின்னு போச்சல்லங்க, அப்புறம் எதுக்கு அதப் போய்ப் புடுங்கோணும்?" என்றாள் என் மனைவி. என் உள்ளத்தில் இருந்ததை அவள் வாய் சொல்லிற்று. ஆனால் இதில் ஒரு மோசம் இருக்கிறது. உள்ளே நரம்பு செத்துப் போனாலும் வலி நிற்கும். கிருமிகள் மட்டும் சாவதில்லை.

அந்தச் சமயத்தில் என் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிளாட்லாக் டைலர்; பீஸ் கணக்கில் கூலி. தாடை ஒரு பக்கம் வீங்கி, வாயில் இரண்டு விரல் நுழையாத அளவுக்கு இறுகியிருந்தது. மருந்துக் கடை மாத்திரையிலேயே இரண்டு வாரத்தை ஓட்டியிருக்கிறார். "இன்றைக்கே போய்க் காட்டுங்கள்" என்றேன். "சனிக்கெழம சம்பளம் வாங்கிப்போட்டுப் போறேனுங்க வாத்தியாரே. ஆர்டரு கப்பலுக்குப் போற நேரமுங்க" என்று பல்லைத் திறக்காமலே சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு கழுத்து வீங்கி, ஜுரம் கண்டு, எச்சிலையும் விழுங்க முடியாமல் போய்விட்டது. கோயமுத்தூருக்கு எடுத்துச் சென்று, கழுத்தை வெளிப்புறமாகக் கீறிச் சீழை வடித்துப் பிழைக்க வைத்தார்கள். கீழ்க் கடைசிப் பல்லின் வேர், நாக்கின் அடியிலுள்ள தசைக்கும் கீழே இறங்கி நிற்பது வழக்கம். அங்கிருந்து சீழ் கழுத்தில் பரவினால் மூச்சுக் குழலையே நெருக்கிவிடும். பையன் திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னபோது, என் மேஜைக்குள் இருந்த டாக்டரம்மாவின் சீட்டை எடுத்துத் தேதியை இன்னொரு முறை பார்த்துக் கொண்டேன்.

பயம் வந்தால் புஸ்தகத்தைப் புரட்டுவது உபாத்தியாயர்களின் சுபாவம். புரட்டியதில் ஒரு ரசமான சங்கதி அகப்பட்டது. 1844 டிசம்பரில், அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரத்துப் பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ் என்பவர், சிரிப்பு வாயுவைக் காட்டி நடத்திய ஒரு வேடிக்கையைப் பார்த்தார். மறு நாளே அந்த வாயுவை முகர்ந்து, தம்முடைய கடைவாய்ப் பல்லையே தோழர் ஒருவரிடம் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டார். ஊரார் பல்லில் பரீட்சை பார்க்காமல் தம் பல்லில் பார்த்தாரே! 1943-இல் ஸ்வீடன் தேசத்தில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெயினைக் கண்டுபிடித்தபோதும், பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற வாலிபர் அதைத் தம் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். இன்றைக்கும் நம் ஈற்றில் போடுவது பெரும்பாலும் அதுதான்.

நம் தேசத்துக் கதை இன்னும் விசேஷம். டாக்டர் ரஃபியுத்தீன் அகமது அமெரிக்காவில் படித்து 1915-இல் பட்டம் பெற்றார். பிறகு தாய்நாடு திரும்பி, கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியை 1920-இல் ஆரம்பித்தார். சர்க்கார் பணத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்று ஒரு கடை வைத்து, அதன் வருமானத்தைக் கொண்டு கல்லூரியை நடத்தினார். பல்லுக்குப் பகையான இனிப்புப் பானத்தை விற்றுப் பல் வைத்தியர்களை உண்டாக்கிய சாமர்த்தியத்தை என்னென்பது! 1949-இல் அந்தக் கல்லூரியை அப்படியே அரசாங்கத்துக்குத் தானமாகக் கொடுத்தும் விட்டார்.

குறித்த நாள் வந்தது. நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரம்மாவிடம், "வலிக்குமா என்று நான் கேட்கவில்லை, நடுவில் நான் ஏதாவது சொல்ல வேண்டுமானால் என்ன செய்வது?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இடது கையைத் தூக்குங்க சார். உடனே நிறுத்திடறேன்" என்றார். வகுப்பிலே என் பிள்ளைகள் செய்வதை நான் செய்ய வேண்டியது, அவ்வளவுதான். ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் உதடும் பாதி நாக்கும் யாருடையவோ ஆகிவிட்டன. "அழுத்துறது தெரியும், இழுக்கறது தெரியும், வலி தெரியாது" என்று முன்னாடியே சொல்லிவிட்டார். அப்படியே இருந்தது. பல்லை இரண்டாகப் பிளந்து எடுத்தபோது எலும்பின் வழியாக உள்ளே கேட்ட 'மடமட' சப்தத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டும். வலியில்லாத அந்தச் சப்தமே எனக்கு மிகவும் பயங்கரமாக இருந்தது.

மூன்று முறை கையைத் தூக்கினேன். முதல் முறை தண்ணீர் தொண்டையில் இறங்கியதற்கு. இரண்டாம் முறை கொஞ்சம் சுருக்கென்றது. இன்னொரு ஊசி போட்டார். மூன்றாவதற்குக் காரணமே இல்லை. நிறுத்துகிறாரா என்று பார்த்தேன். நிறுத்தினார். அதற்குப் பிறகு கை மடியிலேயே இருந்தது. முக்கால் மணியில் வேலை முடிந்தது.

பின்னால் அனுஷ்டிக்க வேண்டியவை முன்னதைவிடக் கண்டிப்பானவை. பஞ்சுத் துணியை ஒரு மணி நேரம் கடித்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது. உறிஞ்சு குழல் கூடாது. புகையிலை, பீடி, சிகரெட் பக்கமே போகக் கூடாது. குழியில் உறைந்த ரத்தம்தான் அதற்கு மூடி. மூடி பெயர்ந்தால் அடியிலுள்ள எலும்பு வெளிப்பட்டு, சில தினங்களில் பிடுங்குமுன் இருந்ததைவிடக் கொடிய வலி காணும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்திருந்து மெதுவாக வழியவிடலாம். எனக்கு வீக்கம் ஐந்து நாளில் வடிந்தது. அந்த ஐந்து நாளும் கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன். வகுப்பில் இருந்த அமைதியைக் கண்டு தலைமையாசிரியரே வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

போன வாரம் அந்த டைலர் கழுத்தில் தழும்போடு வந்திருந்தார். பல்லை எனக்கு எப்படி எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கையைத் தூக்கிய கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "வூட்டுக்காரிக்கும் ஒரு பல்லு ஒடஞ்சு கெடக்குதுங்க, ஆறு மாசமாச்சு. பயந்துக்கிட்டு வரமாட்டேங்கறா. ஷிப்ட் உட்டு வந்தா அந்த டாக்டரம்மா இருப்பாங்களா?" என்று கேட்டார். ராத்திரி 9 மணி வரைக்கும் இருப்பார்கள் என்று சொல்லி, விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.