சும்மா வருகிற டிராலிக்கும் நல்ல டயர் வேண்டும்

முகூர்த்த நாளில் திருநீர்மலைக்கு வந்திருக்கிறீர்களா? அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் கோயில் பக்கமும், மலைமேல் ரங்கநாதர் சந்நிதிக்கு ஏறும் படிக்கட்டிலும் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் நிற்பார்கள். சுற்றியுள்ள மண்டபங்களில் இடம் இருக்காது. அந்த மண்டபங்களுக்கு வெளியே, தெருவோரமாக ஓர் இரும்புப் பெட்டி உறுமிக்கொண்டு நிற்குமே, அந்த ஜெனரேட்டர்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது.

என் கணவர் பதினாறு வருடங்களாக ஜெனரேட்டரும் சீரியல் செட்டும் வாடகைக்கு விடுகிறார். ஒரு பிக்கப் வண்டி, அதன் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் ஜெனரேட்டர் டிராலி. இவ்வளவுதான் எங்கள் சொத்து. வண்டி ஓட்டுவது என் கொழுந்தன். கணக்கு எழுதுவது நான். டீசல், பேட்டா, ஆயில், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் என் நோட்டில்தான். அதில் வீட்டில் அதிகமாகப் பேச்சு நடந்தது டயர் பக்கத்தைப் பற்றி.

"டிராலிதானே!"

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது டயர் வாங்கினால் பிக்கப்பின் முன் சக்கரத்தில் போடுவார்கள். முன்னால் இருந்தது பின்னால் போகும். பின்னால் கழற்றியது டிராலிக்கு. அதுவும் இல்லையென்றால், ஏதாவது காரிலிருந்து கழற்றிய பழைய ஜோடி. அண்ணன் சட்டை தம்பிக்கு, தம்பி சட்டை கரித்துணிக்கு என்கிற கதைதான்.

கேட்டால், "டிராலிதானே, அதுல இன்ஜினா இருக்கு? பின்னாடி சும்மா வருது" என்பார்கள். என் கணவரும் அப்படிச் சொன்னவர்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வைகாசி முகூர்த்தம். எங்களைப் போலவே தொழில் செய்யும் இன்னொருவரின் வண்டி, ரிசப்ஷன் முடிந்து நள்ளிரவில் பைபாஸில் திரும்பிக்கொண்டிருந்தது. டிராலியின் இடது டயர் வெடித்துவிட்டது. பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, டிராலி இரண்டு பக்கமும் வாலடித்து, தடுப்பில் மோதி நின்றது. டிராலியின் மேல் கேபிள் சுருளைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் கீழே தூக்கி எறியப்பட்டான். உயிர் பிழைத்தான். ஆனால் வலது முழங்கையில் பிளேட் வைக்க வேண்டியதாயிற்று.

சில மாதங்கள் கழித்து அவன் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். "பாரம் தூக்க முடியாதும்மா. லைட்டு கட்டுற வேலை ஏதாவது இருந்தா புள்ளைக்குக் குடுங்க" என்றார்.

அன்று இரவு சாப்பிடும்போது கேட்டேன், "என்னங்க, நம்ம டிராலியில என்ன டயர் கிடக்கு?"

"ஏதோ கார் டயர்தான். ஓடுதுல்ல?"

"சும்மாதான் வருதுன்னா, அவ்வளவு கிலோவை யாருங்க தூக்குறாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை கொழுந்தனைக் கூப்பிட்டு, "எடை போட்டுட்டு வாடா" என்றார்.

எடை மேடை சொன்ன கணக்கு

பம்மல் பக்கம் ஓர் எடை மேடையில் மூன்று முறை நிறுத்தினோம். நானும் நோட்டோடு கூடவே போனேன். வழக்கமாக ஏற்றும் கேபிள், கம்பம், ஸ்பீக்கர் எல்லாம் பிக்கப்பில் இருந்தன. ஜெனரேட்டர் டேங்கில் முழு டீசல்.

முதலில் டிராலியைக் கழற்றிவிட்டு, பிக்கப்பின் பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினோம். 1,290 கிலோ. டிராலியைக் கொக்கியில் மாட்டி மறுபடி அதே பின் சக்கரங்களை ஏற்றினோம். 1,465 கிலோ. கடைசியாக டிராலியின் இரண்டு சக்கரங்கள் மட்டும். 1,155 கிலோ.

இரண்டாவது எண்தான் எங்களை யோசிக்க வைத்தது. டிராலி தன் சக்கரத்தில்தானே நிற்கிறது, பிக்கப்பின் பின் டயரில் எப்படி 175 கிலோ கூடியது? விளக்கம் எளிது. ஒரு ஜோடி சக்கரம் உள்ள டிராலியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர்கிறது. கொக்கியோ பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. சீசா பலகையின் ஒரு நுனியில் குழந்தை உட்கார்ந்தால் மறுமுனை எழும்புகிறதல்லவா? அதுபோல வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் லேசாகி, அந்தப் பாரமும் பின் டயருக்கே வந்து சேர்கிறது.

ஆகவே டிராலி இழுக்கிற வண்டியில் அதிகம் உழைப்பது பின் டயர்கள். புது டயரை முன்னால் போட்டுவிட்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளும் பழக்கம் எங்கள் தொழிலுக்கு நேர் எதிரானது.

டயரில் எழுதியிருப்பது

நாங்கள் போகிற டயர் கடை பாய் பொறுமைசாலி. "வாம்மா, உக்காரு. படிக்கத் தெரிஞ்சா டயரே பேசும்" என்று ஒரு டயரைச் சாய்த்துவைத்துக் காட்டினார்.

சென்னைக்கு டயர் புதிதல்ல. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியதுதான். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. என்று சுற்றிலும் ஆலைகள். ஆனாலும் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதை நின்று வாசிப்பவர்கள் குறைவு.

எங்கள் பிக்கப்புக்கு உரியது '185 ஆர் 14 எல்.டி. 8 பி.ஆர். 102/100'. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 'ஆர்' என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். 'எல்.டி.' என்றால் சின்ன லாரிகளுக்கான டயர். '8 பி.ஆர்.' என்பது அதன் உடல் பலத்தைச் சொல்வது.

மிக முக்கியமானது 102 என்கிற எண். அது கிலோ அல்ல, குறியீடு. 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு அடுத்த எண்ணான 100, அதாவது டயருக்கு 800 கிலோ. எங்களுக்குப் பின்னால் ஒற்றைச் சக்கரம்தான். இரண்டு டயரும் சேர்ந்து 1,700 கிலோ. எடை மேடையில் வந்தது 1,465. தாராளமாகப் போதும்.

பிறகு டிராலியில் கிடந்த கார் டயரைப் பார்த்தார். '185/70 ஆர் 14 88'. அதே 14 அங்குல ரிம், அதே அகலம். கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. ஆனால் 88 என்றால் 560 கிலோ. இரண்டுக்கும் சேர்த்து 1,120. டிராலியின் சக்கரங்களில் நின்றதோ 1,155.

"35 கிலோதானே அதிகம்?" என்றான் கொழுந்தன்.

"நிக்கும்போது 35 தம்பி. பள்ளத்துல இறங்கி ஏறும்போது எவ்வளவுன்னு டயருக்குத்தான் தெரியும்" என்றார் பாய்.

ரிம்மில் ஏறுகிறது என்பதற்காக ஒரு டயர் பாரத்தைத் தாங்கிவிடாது. ஒவ்வொரு டயருக்கும் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று கார் டயரைப் பிக்கப்பில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வண்டியின் பின்னால் அதைப் போட்டிருந்தால், டிராலியே இல்லாமல்கூட 1,290 கிலோவுக்கு 1,120 கிலோ டயர்தான் நின்றிருக்கும்.

ஓடாத டயருக்கும் வயதாகும்

டிராலி டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. "பாருங்க, புதுசு மாதிரி இருக்கு" என்றார் என் கணவர். பாய் குனிந்து, நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைத் துடைத்துக் காட்டினார். 1114. அதாவது 2014-ம் ஆண்டின் 11-வது வாரத்தில் செய்த டயர்.

ஜெனரேட்டர் டிராலியின் வாழ்க்கை அப்படி. முகூர்த்த நாளிலும், ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும்போதும் ஓடும். மார்கழியில் அப்படியே நிற்கும். வெயிலிலும் மழையிலும் ஒரே இடத்தில், ஒரே பக்கம் அழுந்தியபடி. பட்டன் தேயாது. ஆனால் ரப்பர் உலர்ந்து, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு விழும். தேய்மானத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். ஐந்தாறு வருடம் ஆனதும் வருடா வருடம் சோதிக்க வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

தேய்மானத்தையும் விட்டுவிட முடியாது. நம் ஊரில் கார், லாரி டயருக்குப் பட்டன் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

எங்கள் ஊருக்கு இது வெறும் விதியல்ல. மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது எங்கள் தலபுராணம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது அந்தக் கதை எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் மின்சாரம் இல்லை. தண்ணீர் இறைக்கவும் போன் சார்ஜ் போடவும் எங்கள் ஜெனரேட்டரைக் கேட்டு ஆள் வந்தார்கள். அந்தச் சாலைகளில் மொட்டை டயரோடு 1,200 கிலோவை இழுத்துப் போனால், நாம் பிரேக் போட்டாலும் பின்னால் வருவது நிற்காது. பிரேக் இல்லாத டிராலி, முன்னால் இருக்கும் வண்டியைத் தள்ளத்தான் செய்யும்.

எதை வாங்கினோம்?

நான்கு எல்.டி. டயர். இரண்டு பிக்கப்பின் பின் சக்கரத்துக்கு, இரண்டு டிராலிக்கு. எல்லாமே 102 குறியீடு. பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. திருவிழாத் திடல் சேற்றிலிருந்து வெளியே வர வேண்டும். அதற்குக் குறுக்குப் பட்டன் உள்ளது. டிராலி உருள மட்டும்தான் செய்கிறது என்பதால் அதற்கு நேர்வரி பட்டன். ஒரே அச்சில் நைலானும் ரேடியலும் கலக்கக் கூடாது, பழையதும் புதியதும் ஜோடி சேரக் கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லா டயரிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தேதி எண் சமீபத்தியதா என்று நானே குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பில் இருபத்திரண்டாயிரத்தைத் தொட்டது. மகளுக்குக் கல்லூரியில் செமஸ்டர் பணம் கட்ட வேண்டிய அதே மாதம். ஃபீஸை முதலில் கட்டிவிட்டு, தெருவில் போட்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்தேன். தள்ளுபடியில் போன தொகை இன்னும் கணக்கில் உறுத்துகிறது. அதனால்தான் இப்போது ஒவ்வொரு வாடகைக்கும் 300 ரூபாயை ஒரு பிஸ்கட் டின்னில் தனியாகப் போடுகிறேன். அடுத்த ஜோடி வாங்கும்போது சீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

டயர் வாங்கியதோடு முடிவதில்லை. காற்று இருக்கிறது. கார் டயருக்கு 35 வைப்பதுபோல எல்லாவற்றுக்கும் 35 அடித்துவிடுவார்கள். எங்கள் டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 65 என்று இருக்கிறது. அந்த 850 கிலோ, அவ்வளவு காற்று இருந்தால்தான். காற்று குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கி எழும்பும். அதில் சூடு ஏறும். சித்திரை வெயிலில், தார்ச்சாலையில், பாரத்தோடு ஓடும் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சூடுதான் காரணம். எடைக்கு ஏற்ற காற்று எவ்வளவு என்பதை வண்டிக் கையேட்டிலும் டயர் கடையிலும் கேட்டு, டிராலியின் மட்கார்டில் பெயின்டால் எழுதிவைத்துவிட்டோம். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து.

உங்கள் வீட்டில் டிராலி இல்லாமல் இருக்கலாம். காய்கறி ஏற்றும் குட்டி யானை இருக்கலாம், ஊருக்குப் போக ஒரு பழைய கார் இருக்கலாம். இன்று வாசலுக்குப் போய் அந்த நான்கு எண் தேதியையும், தாங்கும் பாரத்தின் குறியீட்டையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். போனில் படம் எடுத்து டயர் கடையில் காட்டினாலே விவரம் சொல்லிவிடுவார்கள்.

அந்த அம்மாவின் பிள்ளை இப்போது எங்களிடம்தான் சீரியல் செட் கட்டுகிறான். டிராலியின் மேல் யாரும் உட்காரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவன் கேபினில்தான் வருவான். காற்று அளக்கும் கருவியும் அவன் பொறுப்பில்தான். போன ஆவணி முகூர்த்தத்தன்று நேரமாகிவிட்டது என்று கொழுந்தன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். இவன் ஆறு டயரையும் அளந்து முடித்து, ஸ்டெப்னியையும் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு அண்ணே, போலாம்" என்று ஏறினான்.