வளர்த்த மீனைக் கொல்வது

ரோகு கெண்டையும் தங்கமீனும் உயிரியலாளர் கணக்கில் ஒரே கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வங்காளி வீடுகளில் முன்னதற்கு இடம் சமையலறை. பின்னதற்கு, சில வீடுகளில், கூடத்து மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. ரோகுவை அரிவாள்மணையில் அறுக்கும்போது எவரும் தயங்குவதில்லை. தங்கமீன் நோயுற்றுக் கிடக்கையில் அதன் உயிரை முடித்துவைக்கலாமா என்று கேட்டால் மட்டும் வீடு இரண்டுபட்டுவிடுகிறது.

வடகொல்கத்தாவின் ஒரு வீட்டில் சென்ற குளிர்காலத்தில் அக்கேள்வி எழுந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கலிஃப் தெருவின் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய தங்கமீன் அது. வாங்கும்போது அந்த வீட்டுச் சிறுவனுக்கு வயது ஆறு, இப்போது பத்து. ஒருநாள் மீனின் வயிறு உப்பியது. இரண்டே நாளில் செதில்கள் ஒவ்வொன்றாக உடலைவிட்டு நிமிர்ந்து நின்றன. மேலிருந்து பார்த்தால் அன்னாசிப்பழத்தின் தோல் போலிருந்தது.

மனிதருக்கு வந்தால் மகோதரம் என்போமே, ஏறக்குறைய அதுதான். அதைத் தனி நோய் என்று சொல்வதைவிட, உள்ளே எதுவோ கெட்டுவிட்டதன் அடையாளம் என்பது பொருந்தும். நன்னீர் மீனின் உடலில் உப்பின் செறிவு சுற்றியுள்ள நீரைவிட மிகுதி. ஆகவே செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் நீர் ஓயாமல் உள்ளே கசிகிறது. அதை ஓயாமல் வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் ஓய்ந்தால், தான் வாழும் நீரே மீனை உள்ளிருந்து நிரப்பத் தொடங்குகிறது. தொற்று, நீரின் சீர்கேடு, முதுமை எனக் காரணங்கள் பல. செதில் நிமிர்ந்த பிறகு பிழைப்பவை மிகச் சில.

சிறுவனின் தாய் செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, நாள்தோறும் பாதி நீரை மாற்றி, எப்சம் உப்பு கரைத்து, மருந்து கலந்த உணவும் வைத்தாள். ஒன்பதாம் நாள் மீன் உணவைத் தீண்டவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒருபக்கமாகச் சாய்ந்து தரையில் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு ஆளுக்கொரு யோசனை. கங்கையில் விட்டுவிடலாம் என்றார் தந்தை. நோயுற்ற அயல்மீனை ஆற்றில் விடுவது ஆற்றுக்கும் தீங்கு, மீனுக்கும் விடுதலை ஆகாது. கழிவறையில் ஊற்றிவிடுவதும் அத்தகையதே. கண்ணுக்கு மறைந்துவிடும், வேதனை மறையாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உறங்கியவாறே இறந்துவிடும் என்று அண்டைவீட்டார் சொன்னார். தங்கமீனோ குளிர்நீரைத் தாங்கும் இனம். அதற்கு அது நெடுநேரச் சாவு. நீரிலிருந்து எடுத்து வெளியே போட்டுவிடுவது இன்னும் கொடியது. உயிர்வளி அற்றுப்போன நிலையிலும், உடலில் சேரும் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றித் தாக்குப்பிடிக்கும் அரிய திறம் தங்கமீனுக்கு உண்டு. பனிமூடிய குளங்களில் அதைக் காக்கும் திறமே இங்கே அதன் சாவை நீட்டிவிடும்.

"மீனுக்கு என்ன வலி?" என்று கேட்டவரும் இருந்தார். 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தனர். அவை உணவை நெடுநேரம் தீண்டவில்லை. தரையில் கிடந்தவாறு இப்படியும் அப்படியுமாக ஆடின. உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது இந்நடத்தை குறைந்தது. மூளைப் புறணி இல்லாத மீன் வலியை உணராது என்று வாதிடும் அறிவியலாளர் இன்றும் உளர். ஆனால் முடிவெடுக்க வேண்டியவருக்கு வழக்குத் தீரும்வரை காத்திருக்க இயலாது. வலி உண்டு என்று எண்ணி நடந்து, அது இல்லையென்று பின்னர் தெரிந்தால் இழப்பொன்றும் இல்லை. மறுதலையான பிழைக்கு விலை கொடுப்பது மீன்.

பாட்டியின் தடை வேறு வகையானது. "பௌமா, கையால் ஊட்டி வளர்த்ததைக் கையால் கொல்வதா? அது தானாகப் போகட்டும்" என்றாள். இந்நாட்டில் இது பழைய வழக்கு. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் கிடந்த ஒரு கன்றுக்குக் காந்தி ஊசி போட்டு உயிரை முடிக்கச் செய்தார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. தம் நலத்துக்காகவோ சினத்தாலோ செய்வது இம்சை. தேற்ற வழியில்லாத உயிரின் வேதனையை, அதன் பொருட்டே முடித்துவைப்பது அகிம்சையின்பாற்படும் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

அந்த வரையறை கேட்பதற்கு எளிது. தன்மேல் பொருத்திப் பார்ப்பது கடிது. இதை முடிக்க நினைப்பது மீனின் வேதனைக்காகவா, பன்னிரண்டு நாளாக நீர் மாற்றிச் சலித்த தனக்காகவா என்று அந்தத் தாய் தன்னையே கேட்டுக்கொண்டாள். இரண்டும் கலந்திருக்கிறது என்பதே அவளுக்குக் கிடைத்த விடை. ஆகவே மேலும் ஒருநாள் காத்தாள். மறுநாள் மீனின் நிலை இன்னும் மோசமாயிற்று.

மருந்துக் கடையில் பல்வலிக்கு விற்கும் கிராம்புத் தைலம்தான் வீட்டளவில் கிட்டும் தக்க வழி. அதிலுள்ள யூஜினால் மீனை மயக்கும். குளிர்ந்த நீரில் கரையாதாகையால், வெதுவெதுப்பான நீருடன் சிறு புட்டியில் இட்டுப் பாலைப்போல் வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். மீன் இருந்த தொட்டியின் நீரையே வேறொரு பாத்திரத்தில் ஊற்றி, மீனை அதில் விட்டு, முதலில் சில துளிகளுக்கு மேற்படாமல் சிறுகச்சிறுகக் கலக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் செவுள் எரிந்து துள்ளும். சில நிமிடங்களில் மீன் நிலைதவறிச் சாய்ந்து, தொட்டாலும் அசையாத மயக்கத்தில் ஆழும். அதன் பிறகே லிட்டருக்குச் சுமார் 0.4 மில்லிலிட்டர் என்ற அளவுக்குத் தைலத்தைக் கூட்ட வேண்டும். செவுள் நின்றவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது. குறைந்தது பத்து நிமிடமேனும் மீனை அந்நீரிலேயே விட்டுவைக்க வேண்டும். அதன்மேலும், மீளா மயக்கம் உறுதியான பின் மூளையை அழிக்கும் இரண்டாம் படி ஒன்றைக் கால்நடை மருத்துவ வழிகாட்டிகள் வலியுறுத்துகின்றன.

அந்த இரண்டாம் படியைப் படித்துவிட்டுத் தாய் திகைத்து நின்றாள். அவளுக்குக் கை வரவில்லை. அதுவரை ஒப்பாதிருந்த பாட்டி, "அது தூங்கிவிட்டால் சொல். என் கைக்குத் தெரியும்" என்றாள். அறுபது ஆண்டுகளாக மீன் அறுத்த கை அது. மயக்கம் ஒருத்தியுடையது, முடிவு மற்றவளுடையது.

சிறுவனிடம் என்ன சொல்வது என்பது அதற்கு முந்தைய இரவின் சிக்கல். 'தூங்க வைக்கப் போகிறோம்' என்னும் சொல் தந்தையின் நாவில் இருந்தது. தாய் தடுத்தாள். ஒவ்வோர் இரவும் தூங்கப்போகும் பிள்ளையிடம் அச்சொல்லைச் சாவுக்குக் கடன் கொடுக்க அவள் விரும்பவில்லை. "அது தேறாது. வலியைக் குறைப்பதற்காக நாளை அதைக் கொல்லப் போகிறோம்" என்றே சொன்னாள். "நாளை மறுநாள் தேறிவிடுமென்றால்?" என்றான் அவன். "தேறாது என்று நினைக்கிறோம், பாபா. நாங்கள் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்" என்றாள். அவன் அழுதான். ஆனால் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

மீனை மொட்டைமாடிப் பூந்தொட்டியில் புதைத்தார்கள். இரண்டு நாள் கழித்து மதிய உணவில் ரோகு இருந்தது. சிறுவன் தட்டைப் பார்த்தபடி, "டாக்குமா, இதற்கும் வலித்திருக்குமா?" என்று கேட்டான். முரண்பாட்டைச் சுட்டும் குத்தல் அவன் குரலில் இல்லை, அறிந்துகொள்ளவே கேட்டான். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் மனிதர் நீங்கலான எவ்வுயிரையும் விலங்கு என்கிறது. உணவுக்காகக் கொல்வதை அது அனுமதிக்கிறது. அப்போதும் தேவையற்ற வேதனை கூடாது என்கிறது. சட்டத்தின் இந்த வரி பாட்டிக்குத் தெரியாது. சந்தையில் துடிக்கத் துடிக்க அறுத்துத் தருவதுதான் நல்ல மீனுக்கு அடையாளம் என்று வாழ்நாளெல்லாம் நம்பியவள் அவள்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வலித்திருக்கும்" என்றாள். பிறகு மருமகளிடம், "நாளை முதல் மீன்காரனிடம் முதலில் தலையில் ஓங்கி அடித்துவிட்டு அறுக்கச் சொல்லவேண்டும், பௌமா" என்றாள்.