பிந்தி எழும் சூரியன்

சூரியன் தன் தென்கோடியை எட்டி வடக்கே திரும்பும் டிசம்பர் 21, 22ஆம் நாள்களை இருளின் முடிவாகவும் அகத்தின் புதுப்பிறப்பாகவும் போற்றுவது, நண்பகலிலும் விளக்கேற்றி வாழும் புவியின் வடகோடி மக்களுக்கு எளிதாகப் பொருந்தும். இலங்கையின் வடக்கேயுள்ள வன்னிக்கு அது அவ்வளவு எளிதன்று. 9 பாகை வட அகலக்கோட்டுக்குச் சற்று மேலே அமைந்த அதன் கிளிநொச்சியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அதற்குப் பின் பகல் நீள்வதும் மாலைப் பக்கத்திலேயே நிகழ, காலைச் சூரியனோ தை மாத நடுப்பகுதி வரை நாளுக்கு நாள் சற்றுப் பிந்தியே எழுகிறது. ஒளி மீள்வதைக் கண்ணால் கண்ட பின்னரே விழித்தெழுவோம் என்பவருக்கு அவ்வூர் விடியல் சாட்சி சொல்ல வராது.

ஆயினும் விழிப்பு அங்கே முந்திக்கொள்கிறது. மனிதரின் ஓராண்டைத் தேவரின் ஒரு நாளாகக் கொள்ளும் பழைய கணக்கில், சூரியன் வடக்கே செல்லும் உத்தராயணம் பகல், தெற்கே செல்லும் தட்சிணாயனம் இரவு. இரவின் கடைசி மாதமான மார்கழி வைகறை. அம்மாதத் திருவாதிரை நாளோடு நிறைவுறும் பத்து நாள்களும், மாணிக்கவாசகரின் இருபது பாடல்களாலான திருவெம்பாவையைப் பாடியவாறு, சங்கும் சேமக்கலமும், அதாவது தடியால் தட்டி ஒலிக்கும் வெண்கல வட்டும், முழங்க அடியார் கூட்டம் தெருக்களில் வருகிறது. உறங்கும் தோழியை மற்றவர் எள்ளி எழுப்புவதாகத் தொடங்கும் அப்பாடல்களை ஆன்மாவின் உறக்கம் கலைத்தலாக உரைகள் விளக்கினும், நடைமுறையில் முதலில் விழிப்பவை ஊர் நாய்களே. பாடுவோரைத் தளராமல் நடத்துவதில் பக்திக்கு அடுத்த பங்கு, வாசல்களில் கிடைக்கும் பால் கலவாத தேநீரான பிளேன்ரீக்கு உரியது.

2018ஆம் ஆண்டில் இக்கணக்குகள் அனைத்தும் விந்தையாக ஒன்றுகூடின. சூரியன் திரும்பிய கணம் இலங்கை நேரப்படி டிசம்பர் 22 அதிகாலை 3.53, அது திருவெம்பாவைக் காலம், அன்றே பௌர்ணமி, மறுநாள் திருவாதிரை. ஆனால் 21ஆம் நாள் இரவுப் பெருமழையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்க, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாடசாலைகளில் தங்க நேர்ந்தது. வானம் நாள் குறித்துப் புதுவாழ்வு வழங்குவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை. பாயை உதறி அடுப்பு மூட்டும் வேலை மனிதருக்கே விடப்பட்டிருக்கிறது.

புவியச்சு மிக மெதுவாகத் திசைமாறிச் சுழல்வதால், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் சூரியன் உண்மையில் திரும்பும் நாளோடு பொருந்தியிருந்த, உத்தராயணத் தொடக்கமாகக் கொள்ளப்படும் தைப்பொங்கல் நாள் இன்று மூன்று வாரத்துக்கு மேல் விலகி நிற்கிறது. மாரி மழையை நம்பி விதைக்கப்படும் காலபோக நெல்லோ அதற்கும் பிந்தி, பெரும்பாலும் மாசியிலேயே அரிவு வெட்டப்படுவதால், பல வீடுகளில் நன்றி முன்னதாகவும் விளைச்சல் பின்னதாகவும் அமைகின்றன. இதைக் கணக்குப் பிழையென்று சோதிடர் வாதிடலாம். கைக்கு வராததற்கும் முன்கூட்டியே நன்றி சொல்லத் துணிவதைத்தான் சமயநூல்கள் நம்பிக்கை என்கின்றன, கடையில் வாங்கிய அரிசியானாலும் பொங்கல் பொங்கலே.