ஊரார் புல்வெளி

ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கரையில், வடகடலின் அலைகள் மோதும் ஒரு முனையில் அமைந்திருப்பது செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறு நகரம். இடிந்து நிற்கும் பெருந்தேவாலயம் ஒன்றும், 1413-ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகம் ஒன்றும் அந்நகருக்குப் பழம்பெருமை தருவன. ஆயினும், உலகின் நாற்றிசையினின்றும் மக்கள் அந்நகரை நாடி வருவது அவற்றின்பொருட்டு மட்டும் அன்று. நகரின் ஓரத்தில், கடலுக்கும் கழனிக்கும் இடையே, மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் ஒரு புல்வெளியே அவர்களுள் பலரை ஈர்க்கின்றது. கோல்ஃப் ஆட்டத்தின் தாயகம் என்று போற்றப்பெறும் பழைய ஆடுகளம் அதுவே.

எலுமிச்சங்காய் அளவுள்ள வெண்பந்து ஒன்றைக் கோலால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் விழச் செய்வது கோல்ஃப் ஆட்டம். முழு ஆட்டத்திற்கு 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் அவற்றை முடிப்பவரே வென்றவர். சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது.

இந்த ஆடுகளத்தை வரைபடம் எழுதி அமைத்தவர் எவரும் இலர். கடல் ஒதுக்கிய மணலைக் காற்று வாரிக் குவித்தது. குவிந்த மணல்மேல் நுண்ணிய புல் படர்ந்தது. மழைநீர் அங்கே தங்காது. ஏர் பூட்டி உழுதாலும் விளைவு இராது. ஆகவே, ஊரார் அதனை ஆடு மேய்த்தற்கும், துணி உலர்த்துதற்கும், ஓய்ந்த பொழுதில் விளையாடுதற்கும் விட்டுவைத்தனர். நம் ஊர்களில் மந்தைவெளி என வழங்கும் பொதுநிலம் போன்றது அது. கடுங்காற்றுக்கு அஞ்சிய ஆடுகள் ஒண்டிக் கிடந்த பள்ளங்களே நாளடைவில் மணற்குழிகள் ஆயின என்பர். இன்று அத்தகைய குழிகள் 112 உள்ளன. ஆட்டக்காரர்க்கு அவையே பகைவர்.

ஸ்காட்லாந்து மக்கள் இவ்வாட்டத்தின்மேல் கொண்டிருந்த பற்று அளவிறந்தது. வில்வித்தைப் பயிற்சியை மறந்து இளைஞர் இதில் மூழ்கியமையால், 1457-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இதனைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் இருந்தது, ஆட்டமும் இருந்தது. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் என்பார், செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரை வெளியில் ஊரார் ஆடுதற்கு உரியர் என்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். பின்னாளில் ஊரைக் காத்தது அந்த ஒரு தாள்.

காத்தற்குரிய காலமும் வந்தது. 1797-இல் நகராட்சி கடனில் மூழ்கியது. கடனை அடைக்க வேறு வழி காணாத நகராட்சியார், பொதுநிலத்தையே பிறர் கைக்கு மாற்றிவிட்டனர். சில ஆண்டுகளில் அது முயல் வளர்க்கும் வணிகர் வசமாயிற்று. இறைச்சிக்கும் தோலுக்கும் நல்ல விலை கிடைத்த காலம் அது. முயல்கள் பெருகின, புல்வெளி எங்கும் வளை தோண்டின. பந்து உருளவேண்டிய இடமெல்லாம் பள்ளமாயிற்று. ஆடுதற்கு வந்தவர் முயலை அடித்தனர். முயலுக்கு உரியவர் ஆடுவோரைத் தடுத்தனர். கைகலப்பும் உண்டு, வழக்கும் உண்டு. ஏறத்தாழ 20 ஆண்டுகள் இப்போர் நீடித்தது. இறுதியில், 1821-இல், அயலிலிருந்த நிலக்கிழார் ஜேம்ஸ் சீப் என்பவர் அந்நிலத்தை விலைக்கு வாங்கி ஆட்டத்திற்கு விட்டார். 1894-இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியே அது நகரத்தாரிடமே மீண்டது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதனைப் பேணி வருகின்றது. ஒரு முறை கைவிட்ட பொதுநிலத்தை மீண்டும் பெறுதற்கு ஓர் ஊருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

இன்று அங்கே ஆட விரும்பும் வெளியூரார், இரண்டு நாள் முன்னரே பெயர் கொடுத்து, திருவுளச் சீட்டில் தம் பெயர் விழுமா என்று காத்திருத்தல் வேண்டும். காத்திருப்போர் பலர் ஊரைச் சுற்றி வருவர். அவ்வாறு சுற்றி வருவோர் செவியில் ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பெயர் விழுதல் கூடும். அது அந்நகரின் உயர்நிலைப்பள்ளி. அவ்வூரிற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, அதனைத் தம் நாட்டிற் பரப்பினார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்க்கு அது புதுமையாய்த் தோன்றாது. அவர் விட்டுச்சென்ற பொருளால் 1833-இல் திறக்கப்பெற்ற அப்பள்ளி, சென்னையின் பழம்பெயரை இன்றும் அக்குளிர்க் கரையில் தாங்கி நிற்கின்றது.

பெயர் விழுந்தவர் முதற்குழிக்குப் பந்தடிக்க வந்து நிற்கின்றார். எதிரே மணற்குழி ஒன்றும் இல்லை. முதற்குழிக்கும் கடைசிக் குழிக்கும் பொதுவான அப்புல்வெளி ஏறத்தாழ 130 கஜ அகலம் உடையது. அங்கே பந்தைத் தவறவிடுதல் அரிது. எனினும், அவர் கை நடுங்குகின்றது. பின்புறம் கோல்ஃப் கழகத்தின் கல் மாளிகை. அதன் சாளரங்களில் கண்கள். பக்கத்தில் தெரு, அதிலும் கண்கள். பந்து காற்றில் எழுந்த பிறகே அவருக்கு மூச்சு வருகின்றது.

மாளிகையைக் கண்டு மயங்குதல் வேண்டா. அதற்கு உரிய கழகம் 1754-இல் தோன்றியது, புகழ் மிக்கது. ஆனால், ஆடுகளம் அதன் உடைமை அன்று. அக்கழகம் மகளிரை உறுப்பினராக ஏற்க இசைந்தது 2014-இல்தான். பொதுநிலமோ அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஆடுகளத்தை அடுத்த மணல்மேட்டில் மகளிர்க்கெனத் தனிக் கழகம் 1867-லேயே தோன்றிவிட்டது.

ஆட்டம் கடலோரமாய்ச் சென்று, இடையன் கைக்கோலின் வளைவுபோல் திரும்பி, வந்த வழியே ஊருக்கு மீள்கின்றது. போகும் ஆட்டத்திற்கும் மீளும் ஆட்டத்திற்கும் பெரும்பாலும் ஒரே புல்தளம். அதில் இரு குழிகள். அவ்வாறு அமைந்த தளங்கள் ஏழு. அத்தளங்களின் குழி எண்களைக் கூட்டினால், 2-உம் 16-உம், 3-உம் 15-உம் என எங்கும் 18 வருதல் காண்க. பழங்காலத்தில் ஆட்டம் 22 குழிகளாய் இருந்தது. 1764-இல் அவ்வூரார் அதனை 18 ஆக்கினர். பிற்காலத்தில் உலகமெங்கும் அவ்வெண்ணே நிலைத்துவிட்டது.

மணற்குழிகளுக்குப் பெயர்கள் உண்டு. ஒன்று ‘நரகம்’, சில ‘சவப்பெட்டிகள்’, ஒன்று ‘முதல்வரின் மூக்கு’. எந்தக் கல்லூரி முதல்வரின் மூக்கு அது என்பதை மாணவர் ஆராய வேண்டுவதில்லை. பல குழிகள் அடிக்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியமாட்டா. நேரே சென்ற நல்ல பந்தும் தரையின் மேடு பள்ளத்தில் உருண்டு அவற்றுள் மறைந்துவிடும். புதியவர் சினம் கொள்வார். மட்டைகளைச் சுமந்து உடன்வரும் உள்ளூர்த் துணைவரோ, “அந்தத் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்து அடியுங்கள் ஐயா” என்று மெல்லச் சொல்லுவார். குழி இருக்கும் திக்கு ஒன்றாகவும் கோபுரம் இருக்கும் திக்கு வேறாகவும் இருக்கும். எனினும், அவர் சொற்படி அடித்தவர் பிழைப்பர். காற்றின் சூழ்ச்சி தனி. போகும்போது எதிர்த்த காற்று, மீளும்போதும் திசைமாறி எதிர்க்கும் நாட்கள் உண்டு.

பதினேழாம் குழியில் வல்லவரும் கலங்குவர். குறுகிய புல்தளத்தின் முன்னே ஆழ்ந்த மணற்குழி. பின்னே சாலையும் கற்சுவரும். 1978-ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் ஜப்பானியர் சுனேயுகி நகாஜிமா இரண்டே அடியில் அத்தளத்தை அடைந்தார். குழியை நோக்கி அவர் மெல்லத் தட்டிய பந்து சரிவில் உருண்டு மணலில் வீழ்ந்தது. அதனை மேலேற்ற அவருக்கு நான்கு அடிகள் வேண்டியிருந்தன. நான்கில் முடியவேண்டிய குழி ஒன்பதில் முடிந்தது.

இக்களம் ஒருவரை வெறுக்கச் செய்து, பின்னர் அவரைத் தன்வயப்படுத்திக்கொண்ட வரலாறும் உண்டு. அமெரிக்க இளைஞர் பாபி ஜோன்ஸ் 1921-இல் தம் 19-ஆம் வயதில் முதன்முறை இங்கே ஓப்பன் போட்டியில் ஆடினார். மூன்றாம் சுற்றில் அடிமேல் அடி பிழைத்தது. பதினோராம் குழியருகே மணலில் அகப்பட்டு, பொறுமை இழந்து, போட்டியினின்று விலகிவிட்டார். அத்தோடு அவர் அக்கரையை மறந்திருக்கலாம், மறக்கவில்லை. களத்தின் இயல்பை மெல்லக் கற்றார். 1927-இல் மீண்டும் வந்து அதே களத்தில் அதே கோப்பையை வென்றார். 1930-இல் மற்றொரு பெரும் போட்டியிலும் அங்கே வாகை சூடி, 28 வயதிலேயே போட்டி ஆட்டத்தினின்று ஓய்ந்தார்.

பிற்காலத்தில் முதுகுத்தண்டு நோய் அவரை வருத்தியது. நடப்பதே அரிதாகிய நிலையில், 1958-இல் அவர் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்தார். நகரத்தார் அவரைத் தம் நகரின் உரிமைக் குடிமகன் ஆக்கினர். அமெரிக்கர்களுள் அவர்க்கு முன்னர் அச்சிறப்பைப் பெற்றவர் பெஞ்சமின் பிராங்ளின் ஒருவரே, அது 1759-இல். ஜோன்ஸ் பெற்ற உரிமைகள் யாவை? பொதுநிலத்தில் முயல் பிடிக்கலாம், புற்கரண் வெட்டலாம், முதற்குழிக்கும் கடைசிக் குழிக்கும் உரிய புல்வெளியில் துணி உலர்த்தலாம். உலகப் பெருவீரர்க்கு ஊரார் அளித்தவை, ஊர்க் குடியானவனுக்குத் தொன்றுதொட்டு உள்ள உரிமைகளே. கூட்டம் முடிந்து அவர் வெளியேறியபோது, மக்கள் எழுந்து நின்று பிரிவுப் பாடல் பாடினர். அதன் பின்னர் அவர் அங்கு வரவில்லை, 1971-இல் மறைந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக அங்கே ஆட்டம் இல்லை. பெரும்போட்டி நடக்கும் நாட்களே விலக்கு. ஆடுவோர்க்கு ஓய்வு வேண்டாவிடினும் புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்று முன்னாளிற் களத்தைக் காத்த டாம் மாரிஸ் கருதினாராம். அன்று குழந்தைகள் ஓடுகின்றனர், நாய்கள் துரத்துகின்றன, முதியோர் மெல்ல நடக்கின்றனர். கடைசிக் குழிக்குச் செல்லும் வழியில் சிற்றோடையின்மேல் ஒரு பழைய கற்பாலம் உண்டு. இடையர்கள் மந்தையை ஓட்டிச் செல்லுதற்கு எழுந்தது. 2023-இல் அதன் அடியில் புதிதாகக் கல் பதித்தபோது, பல நாட்டவரும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். சில நாட்களில் கற்கள் அகற்றப்பட்டன; புல் மீண்டது.

பாலத்தைக் கடந்து வருவோர்க்கு இன்னும் ஒரு தடை உண்டு. முதற்குழி, கடைசிக் குழி ஆகிய இரண்டின் புல்வெளியையும் குறுக்கறுத்துக் கடலை நோக்கிச் செல்கின்றது ஒரு சிறு பொதுச்சாலை. பந்தும் கையுமாய் நெடுந்தொலைவிலிருந்து வந்தவர் அங்கே நிற்கின்றார். கடற்கரைக்குச் செல்வோர் தம் போக்கில் சாலையைக் கடக்கும் வரையில் மட்டையை ஊன்றிக் காத்திருக்கின்றார்.